பெட்ரோலா, மின்சாரமா? - தாம்பரம் தடத்தில் ஒரு பழைய கேள்வி

பொருள்களுக்கு நாம் இடும் பெயர்கள் சில வேளைகளில் அவற்றின் வரலாற்றை மறைத்துவிடுகின்றன. ‘கோல்ஃப் வண்டி’ என்னும் பெயர் அத்தகையது. அப்பெயரைக் கேட்டவுடன் பசும்புல் திடலும், வெள்ளைத் தொப்பியும், செல்வர்தம் ஓய்வுப் பொழுதும் நம் மனக்கண்ணில் விரிகின்றன. ஆனால் தென்சென்னைப் புறநகரில் வாழ்வோர்க்கு அவ்வண்டி வேறொரு பெயரில் அறிமுகமானது. வண்டலூர் உயிரியல் பூங்காவில் குழந்தைகளோடும் முதியவர்களோடும் நாம் ஏறி அமரும் ‘பேட்டரி கார்’ அதன் உடன்பிறப்பே. எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களின் நடைமேடைகளில் மூட்டுவலிக்காரரையும் அவருடைய பெட்டியையும் ஏற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்து வருவதும் அதுவே. கோல்ஃப் மட்டையை வாழ்நாளில் ஒருமுறையும் தொட்டறியாத மக்களே இந்நாட்டில் அவ்வண்டியின் பெரும்பான்மைப் பயணிகள்.

தாம்பரத்தை அடுத்த கல்லூரியொன்றில் பணியாற்றும் நாம், வளாகத்துக்கென அத்தகைய வண்டி ஒன்று வாங்குவதற்கான குழுவில் அண்மையில் இடம்பெற்றோம். பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு ஒன்றும், மின்கலத்தில் ஓடும் வண்டிக்கு ஒன்றுமாக இரு விலைப்புள்ளிகள் மேசைமீது இருந்தன. தமிழிலக்கியம் பயின்ற எமக்கு இதில் என்ன சொல்ல இருக்கிறது என்று முதலில் தோன்றியது உண்மை. எனினும் கேள்வியைச் சற்றே பின்னோக்கிப் பிடித்துச் சென்றபோது, இத்தடத்தில் அது புதிய கேள்வியே அன்று என்பது புலனாயிற்று. நூறாண்டுகளுக்கு மேலாகச் சென்னை இதே கேள்வியை வெவ்வேறு வடிவங்களில் கேட்டும் விடையளித்தும் வந்திருக்கிறது. அவ்விடைகளைத் தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடக்க இயலாதோர்க்குப் பிறந்த வண்டி

முதலில் வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1930களில், முதியவர்களும் உடல் நலிந்தவர்களும் குறுந்தொலைவு சென்றுவர மூன்று சக்கரங்கள் கொண்ட சிறு மின்வண்டிகள் தோன்றின. நடக்க இயலாத ஆட்டக்காரர்கள் சிலர் அவற்றைத் திடலுக்குக் கொண்டுசென்றனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது சிறு மின்வண்டிகளின் மீது மேலும் சிலருக்கு நாட்டம் பிறந்தது. அவ்வழி வந்தவர்களுள் ஒருவரான மெர்ல் வில்லியம்ஸ், தம் மார்க்கெட்டீர் நிறுவனத்தின் வாயிலாக 1951இல் கோல்ஃப் திடலுக்கென்றே மின்வண்டி செய்து விற்கத் தொடங்கினார். 1954இல் ஈ-இசட்-கோ நிறுவனமும் சில ஆண்டுகளில் கிளப் கார் நிறுவனமும் தோன்றின. மோட்டார் சைக்கிளுக்குப் பெயர்பெற்ற ஹார்லி-டேவிட்சன் 1963இல் இத்தொழிலில் இறங்கி, பெட்ரோல் வண்டி, மின்வண்டி ஆகிய இரண்டையும் செய்தது. ‘கேஸா, எலெக்ட்ரிக்கா’ என்று அமெரிக்கர் கேட்கத் தொடங்கியது அக்காலத்திலேதான். அவர்கள் ‘கேஸ்’ என்பது நம் அடுப்படி உருளையில் உள்ள வாயுவை அன்று. பெட்ரோலையே அவர்கள் அவ்வாறு சுருக்கி அழைக்கின்றனர்.

வரிசையை வாசகர் கவனிக்க வேண்டும். இவ்வண்டியின் உலகில் மின்சாரமே மூத்தது. பெட்ரோல் பின்னர் வந்து சேர்ந்தது. அன்றியும், வண்டி தோன்றிய காரணம் சொகுசு அன்று, கால். இவ்வுண்மை 2001ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று நிலைநாட்டப்பட்டது. கேசி மார்ட்டின் என்னும் தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பிறவியிலேயே வலது காலில் இரத்த ஓட்டக் குறைபாடு இருந்தது. போட்டிகளில் எல்லோரும் நடந்தே ஆக வேண்டும் என்பது பி.ஜி.ஏ. அமைப்பின் விதி. வண்டியில் செல்ல இசைவு கேட்டு மார்ட்டின் வழக்குத் தொடுத்தார். நீதிபதிகளுள் எழுவர் அவர் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். நடை என்பது அவ்வாட்டத்தின் உயிர்நிலை அன்று என்றும், அவருக்கு வண்டி தருவதால் ஆட்டத்தின் இயல்பு மாறிவிடாது என்றும் தீர்ப்பு வந்தது. விளையாட்டுக் கருவியாகக் கருதப்பட்ட ஒன்று, ஊனமுற்றோர் உரிமையின் கருவியாகச் சட்டப் புத்தகத்தில் ஏறிய தருணம் அது.

1895: தரைக்கடியில் ஒரு மின்கால்வாய்

இனி நம் ஊருக்கு வருவோம். எதனைக் கொண்டு வண்டியை ஓட்டுவது என்னும் வினாவுக்குச் சென்னை அளித்த முதல் துணிச்சலான விடை டிராம். 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் முதன்முதலாக ஓடியது அதுவே. கல்கத்தாவில் 1902இலும் பம்பாயில் 1907இலுமே மின்சார டிராம்கள் வந்தன. நகரின் முதல் மோட்டார் கார்களே அதற்குப் பின்னர்தான் வந்தன. மவுண்ட் ரோட்டுச் சிம்சன் நிறுவனம் 1903இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து காட்டியது. ஆக, இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் நீராவி, மின்சாரம், பெட்ரோல் என மூன்று ஆற்றல்களும் ஒரே நகரில் போட்டியிட்டன.

தொடக்கத்தில் டிராமுக்கு மின்சாரம் மேல்கம்பி வழியே வரவில்லை. தண்டவாளத்தை ஒட்டித் தரைக்கடியில் அமைத்த கால்வாய் ஒன்றின் வழியே வந்தது. பார்வைக்கு அது அழகான ஏற்பாடுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கு அழகு தெரியாது. மழைநீர் புகுந்து தொல்லை தரவே, பின்னர் மேல்கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று. சென்னையில் மின்வண்டியின் முதற்பகை பெட்ரோல் அன்று, தேங்கிய நீர் என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்வோம். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டிராம் நின்றது. மின்சாரம் தோற்றது என்று அதற்குப் பொருள் கொள்வது பிழை. நட்டத்தில் வீழ்ந்த கம்பெனியால் தடத்தையும் வண்டிகளையும் பேண முடியவில்லை. மறுபுறம் பேருந்துகள் பெருகின. ஓடும் இயந்திரம் நல்லதாக இருந்தால் போதாது, அதனைப் பேணும் கையும் பணமும் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது டிராம் விட்டுச்சென்ற பாடம்.

1931: புகையற்ற தடம்

இரண்டாவது விடை தாம்பரத்துக்கே உரியது. பம்பாயில் 1925 பிப்ரவரி 3ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்ரயில் ஓடியது. ஆறு ஆண்டுகளில் தென்னிந்திய ரயில்வே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையை மின்மயமாக்கியது. இந்தியாவில் மீட்டர் பாதையில் மின்ரயில் ஓடிய முதல் தடம் இதுவே. 1931 ஏப்ரல் 2ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி அதனைத் தொடங்கிவைத்தார். மே மாதம் பொதுமக்கள் ஏறினர். மேல்கம்பியில் 1,500 வோல்ட் நேர் மின்சாரம் ஓடியது.

மின்சாரத்தை ஏன் தேர்ந்தார்கள்? கடற்கரையிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். இடையில் நிலையத்துக்கு நிலையம் நின்று புறப்பட வேண்டும். நீராவி எஞ்சின் நின்றால் மீண்டும் வேகமெடுக்க நேரமாகும். நிற்கும்போதும் அதன் கொதிகலன் நிலக்கரியைத் தின்றுகொண்டே இருக்கும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் தர வல்லது. நிற்கையில் எதனையும் உண்ணாது. குறுந்தொலைவு, அறிந்த தடம், அடிக்கடி நிறுத்தம், இரவில் ஓரிடத்துக்குத் திரும்புதல் ஆகிய நான்கும் எங்கே கூடுகின்றனவோ அங்கே மின்சாரம் வெல்லும். கல்லூரி வளாகத்து வண்டிக்கும் இதே நான்கும் பொருந்துவதை விளக்க வேண்டியதில்லை.

இத்தடத்தில் இன்னொரு வியப்பும் உண்டு. சரக்கு இழுக்கவும் பெட்டிகளை இடம் மாற்றவும் 1930இல் இங்கிலாந்திலிருந்து வந்த சிறு மின் எஞ்சின்கள், மேல்கம்பி இல்லாத பக்கத் தடங்களிலும் பணியாற்ற வேண்டியிருந்தது. அதற்காக மின்கலங்கள் நிரம்பிய பெட்டியொன்றை அவை தம்மோடு இழுத்துச் சென்றன. கம்பி முடியும் இடத்தில் மின்கலம் தொடங்கும். இன்றைய பேட்டரி காரின் மூதாதையை இத்தடத்தில் தேடுவோர் அந்த மின்கலப் பெட்டியையே சுட்டலாம்.

மின்ரயில் வந்த காலத்துத் தாம்பரம் எத்தகைய ஊர்? 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோயாளர்க்கென நலவாழ்வு இல்லம் ஒன்றை நிறுவினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய இல்லம் நடத்திய பட்டறிவு உடையவர் அவர். காசத்தைக் கொல்லும் மருந்து கண்டறியப்படாத நாள்கள் அவை. தூய காற்று, வெயில், ஓய்வு, நல்லுணவு ஆகியவையே மருந்து. 1937இல் அரசு அதனை ஏற்றது. இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக அது தொடர்கிறது. ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையப் பெயர் நாள்தோறும் நம் காதில் விழுகிறது; அப்பெயரினுள் காற்று என்னும் சொல் ஒளிந்திருப்பதை நாம் நினைப்பதில்லை. அதே 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக் காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. நோயாளரும் மாணாக்கரும் காற்றை நாடி வந்த ஊருக்குப் புகையற்ற வண்டி வந்து சேர்ந்தது. தொலைதூர வண்டிகள் மேலும் பல்லாண்டுகள் புகை கக்கியே சென்றன என்பதும் மெய். எனினும் நாள்தோறும் பலமுறை வந்துபோகும் வண்டி புகையை நிறுத்திக்கொண்டது சிறிய செய்தி அன்று.

டிராம் மாண்டது, மின்ரயில் வாழ்ந்தது. 1960களில் அதன் மின்முறை மாறியது. 2004இல் மீட்டர் பாதை போய் அகலப் பாதை வந்தது. ஆயினும் தடம் நிற்கவில்லை. இரண்டும் மின்சாரமே. வேறுபாடு, பேணியவர் யார் என்பதில் இருந்தது.

வளாகங்களின் காலம்

கோல்ஃப் திடல்கள் சென்னைக்குப் புதியன அல்ல. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் உள்வட்டத்திலும் நந்தனத்திலும் அவை நெடுங்காலம் இருந்துவந்தன. ஆனால் அங்கே ஆட்டக்காரர் நடப்பார். அவர் பின்னே பை சுமந்து ‘கேடி’ எனப்படும் உதவியாள் நடப்பார். சுமக்க ஆள் மலிவாகக் கிடைத்த நாட்டில் வண்டிக்கு அவசரம் இல்லை. ஆகவே நம்மிடையே கோல்ஃப் வண்டி கோல்ஃபின் வழியாகப் பரவவில்லை. வளாகங்களின் வழியாகப் பரவியது.

மூர் மார்க்கெட்டை ஒட்டி நெரிசலில் இருந்த உயிரியல் பூங்கா 1985இல் வண்டலூருக்குப் பெயர்ந்து, 602 எக்டேர் பரப்பில் விரிந்தது. அவ்வளவு தொலைவைக் குழந்தையும் கிழவரும் நடந்து பார்த்தல் அரிது. எஞ்சின் இரைச்சலோடு விலங்குகளை அணுகுவதோ தகாது. மின்கல வண்டி அங்கே இயல்பான விடையாயிற்று. பின்னர் ரயில் நிலையங்கள், விமான நிலையம், மருத்துவமனைகள், தொழிற்கூடங்கள், மதில் சூழ்ந்த குடியிருப்புகள் என வளாகங்கள் பெருகின. 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் திறக்கப்பட்ட பேருந்து முனையம் 88 ஏக்கர்ப் பரப்புடையது. மாநகரப் பேருந்தில் வந்திறங்கும் மூதாட்டி தம் ஊர்ப் பேருந்தை அடைய அங்கே நெடுந்தொலைவு நடக்க வேண்டும். அங்கும் பேட்டரி வண்டிகள் வந்தன. நாம் கட்டும் கட்டடங்கள் மனிதக் காலின் அளவை மறந்து பெருத்தபோது, அம்மறதியை ஈடுசெய்ய வந்த வண்டி இது.

விலைப்புள்ளியில் இல்லாதவை

வாங்குவோர் எண்ண வேண்டியவை சில. பெட்ரோல் வண்டியின் சிறப்பு வெளிப்படையானது. ஐந்து நிமிடத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு நாள் முழுதும் ஓடும், மேடும் சுமையும் அதற்குப் பொருட்டல்ல, மின்வெட்டுக்கு அஞ்சாது. மின்சாரம் எட்டாத தோட்டங்களுக்கும் பண்ணைகளுக்கும் அது ஏற்றது. ஆனால் வகுப்பறைச் சன்னலருகிலும் நோயாளர் கூடத்தின் தாழ்வாரத்திலும் அதன் இரைச்சலும் புகையும் ஏற்கத்தக்கன அல்ல. எண்ணெயின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்களவே சக்கரத்துக்குச் செல்கிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மின்மோட்டார் தான் பெறும் ஆற்றலில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாற்றுகிறது.

மின்வண்டியில் விலையின் இதயம் மின்கலம். வழக்கமான வண்டியில் எட்டு வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் ஆறு சேர்ந்து 48 வோல்ட் தரும். ஒவ்வொன்றும் முப்பது கிலோவை நெருங்கும். அவற்றுக்குக் காய்ச்சி வடித்த நீரைத் தவறாது ஊற்ற வேண்டும். முழுதும் வடியவிடாமல் பாதி அளவில் மீண்டும் மின்னேற்ற வேண்டும். வெப்பம் அவற்றின் ஆயுளைக் குறைக்கும். ஆகவே குளிர்நாட்டு விளம்பரத்தில் காணும் ஆயுளைச் சென்னையின் மே மாதத்துக்கு அப்படியே எண்ணிவிடலாகாது. லித்தியம் மின்கலம் எடை குறைந்தது, நீர் கேளாதது, நெடுநாள் உழைப்பது. ஆனால் முதல்விலை மிகுதி. வண்டியின் விலையை மட்டும் ஒப்பிடாமல், எட்டு ஆண்டுகளில் எத்தனை முறை மின்கலம் மாற்ற நேரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவதே நேர்மையான ஒப்பீடு.

அடுத்தது நீர். 2015 டிசம்பர் முதல் நாளை ஒட்டிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியதை இப்பகுதியினர் மறக்கவில்லை. 1895இன் டிராம் கால்வாய் கற்பித்த பாடம் இங்கே மீண்டும் வருகிறது. மின்னேற்றுமிடம் வளாகத்தின் மிக உயர்ந்த தரையில், கூரையும் காற்றோட்டமும் உடையதாக அமைய வேண்டும். இதனை எந்த விலைப்புள்ளியும் சொல்லாது.

சட்டமும் ஒன்று உண்டு. மதிலுக்குள் மட்டுமே ஓடுவதற்கென அமைந்த வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. வாயிலைத் தாண்டிப் பொதுச்சாலையில் உருண்டால் கதை வேறு. பதிவும் காப்பீடும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். விடுதி சாலைக்கு அப்பால் இருக்கும் கல்லூரிகள் இதனை முன்னரே எண்ண வேண்டும்.

புகை எங்கே போகிறது?

இவற்றையெல்லாம் எடைபோட்டு மின்வண்டியே மேல் என்று முடிவு செய்யலாம். எமது முடிவும் அதுவே. ஆனால் வரலாறு பயில்வோர் அங்கே நின்றுவிடலாகாது. 1931இல் தாம்பரம் தடத்தில் நீங்கிய புகை மறைந்துவிடவில்லை. அந்நாளில் சென்னையின் மின்சாரம் நகரின் வடபுறத்தில், பேசின் பிரிட்ஜில், நிலக்கரியை எரித்துப் பெறப்பட்டது. தென்புறத்துப் புகை வடபுறத்துக்கு முகவரி மாறியது, அவ்வளவே. இன்றும் நிலை பெரிதும் வேறன்று. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எரிந்தது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து மீனவர் வாழ்வைக் குலைத்த செய்தி அனைவரும் அறிந்ததே. பெட்ரோலைத் தேர்ந்தால் தப்பிவிடலாம் என்று எண்ணவும் வழியில்லை. பெட்ரோல் வடிக்கும் ஆலையும் வடக்கே மணலியில்தான் இருக்கிறது. எதனைத் தேர்ந்தாலும் சுமை வடசென்னையின் தோளில் ஏறுகிறது.

அப்படியாயின் தேர்வுக்குப் பொருள் இல்லையா? உண்டு. பெட்ரோல் வண்டி வாழ்நாள் முழுதும் பெட்ரோலையே குடிக்கும். மின்வண்டி தன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளாது. நிலக்கரியை விட்டு வெயிலுக்கோ காற்றுக்கோ நாம் மாறினால் அதுவும் உடன் மாறும். மின்னேற்றும் கொட்டகையின் கூரைமேல் சூரியத் தகடு பதிக்கும் கல்லூரி, எண்ணூருக்குத் தான் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்க்கிறது. அவ்வாறே, உழைத்து ஓய்ந்த மின்கலத்தின் ஈயம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்துக் குப்பைமேட்டுக்கோ, தெருவோரத்தில் ஈயம் உருக்கும் பட்டறைக்கோ சென்றுவிடலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. வாங்கும்போதே அதனை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது வாங்குவோர் கடமை.

இறுதியாக, இருக்கை. வளாகத்துக்கு வண்டி வந்ததும் அது முதல்வரின் வண்டியாகவும் விருந்தினரின் வண்டியாகவும் மாறிவிடுவது நம் நிறுவனங்களின் பழைய நோய். அவ்வாறு மாறினால், நடக்க இயலாதோர்க்குப் பிறந்த வண்டியை நடக்க விரும்பாதோர் கைப்பற்றியதாகும். ஊன்றுகோலோடு மூன்றாம் கட்டடம்வரை செல்லும் மாணவிக்கும், மகனைச் சேர்க்க வந்து வெயிலில் திகைத்து நிற்கும் கிராமத்துத் தாய்க்கும், காலையில் வாயிலிலிருந்து விடுதிவரை பாத்திரம் சுமக்கும் சமையல் பணியாளருக்கும் முதல் இருக்கை என்று விதி எழுதிய பின்னரே வண்டிக்குக் காசோலை எழுத வேண்டும் என்பது எம் கருத்து. ஓட்டுநருக்கு நிலையான ஊதியமும் மின்கலம் பேணும் பயிற்சியும் அவ்விதியின் அடுத்த வரியாக அமையட்டும். டிராமைக் கொன்றதும் மின்ரயிலை வாழவைத்ததும் ஆற்றலின் வகை அன்று. பேணுதலே என்பதை இத்தடம் இருமுறை காட்டியிருக்கிறது.